இலைக்குள் ஒளிந்த யானை: ஜெபாரா மரச்செதுக்குக் கலை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், மத்திய ஜாவாவின் வடகடற்கரையில் முரியா மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள ஜெபாரா என்னும் ஊரின் மரச்செதுக்குக் கலையைப் பற்றி ஒரு பத்தி மட்டும் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளாக ஒரு ஜெபாரா அலமாரி இருக்கிறது. அதன் கதவு முழுவதும் கொடியும் இலையும் சிறு காய்களும் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு பறவையோ விலங்கோ மனித உருவமோ இல்லை. இசுலாமியரின் கலை என்பதால்தான் இப்படியா? (வாசகி, கிள்ளான், மலேசியா)

பதில்: ஆம் என்று ஒரு சொல்லில் விடை சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். மீதிப் பாதியைச் சொல்வதற்கு ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கிழக்கு ஜாவாவின் மஜாபாகித் பேரரசு தளர்ந்துகொண்டிருந்தபோது, வடகரையின் துறைமுக நகரங்களில் இசுலாமிய அரசுகள் எழுந்தன. அவற்றுள் முதன்மையானது டெமாக். ஜெபாரா அதன் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. அரசும் சமயமும் மாறின என்பதற்காகச் செதுக்கிய கைகள் மாறிவிடவில்லை. கோயில் சுவர்களிலும் அரண்மனைத் தூண்களிலும் பயின்ற மரபில் வந்தவர்களே புதிய பள்ளிவாசல்களிலும் வேலை செய்தார்கள். டெமாக் பெரிய பள்ளிவாசலின் புகழ்பெற்ற மரக்கதவைப் பார்த்தால் இது விளங்கும். இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் காக்கப்படும் அந்தக் கதவில், வாய் பிளந்த இரு நாகத் தலைகள், பூச்சாடி, மகுடம் ஆகியவை செதுக்கப்பட்டுள்ளன. இடியையே பிடித்துக் கட்டிய கி அகெங் செலோ என்பவர் செய்த கதவு என்று மக்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். அதனோடு தொடர்புபடுத்தப்படும் ஆண்டுக்குறிப்பு கி.பி. 1466ஐச் சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. பள்ளிவாசலின் வாயிலிலேயே நாகம் இடம்பெற்றது என்றால், உயிர்களின் உருவங்களைச் செதுக்கலாகாது என்னும் இசுலாமிய விலக்கு தொடக்க காலத்தில் எவ்வளவு நெகிழ்வாகப் பின்பற்றப்பட்டது என்பது தெளிவாகிறது.

அடுத்த தலைமுறைகளில் விலக்கு இறுகியது. அந்த இறுக்கத்துக்குச் செதுக்குநர்கள் கண்ட விடைதான், என் கருத்தில், இந்தக் கலையின் மிக அழகான பகுதி. ஜெபாரா நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மந்திங்கான் என்னும் சிற்றூரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. டெமாக் சுல்தான் திரெங்கானாவின் மகளும் ஜெபாராவின் அரசியுமான ராத்து கலிஞாமாத், கொலையுண்ட தம் கணவரின் அடக்கத்தலத்தை ஒட்டி எழுப்பிய பள்ளிவாசல் அது. அதன் மிஹ்ராபுக்கு, அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் சுவர்மாடத்துக்கு, மேலுள்ள ஆண்டுக்குறிப்புத் தொடர் சக ஆண்டு 1481ஐ, அதாவது கி.பி. 1559ஐக் குறிக்கிறது. இந்த அரசியார் மலாக்காவிலிருந்த போர்த்துகீசியரை எதிர்த்து 1551லும் 1574லும் கப்பற்படை அனுப்பியவர். இந்தோனேசிய அரசு 2023இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது.

மந்திங்கான் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கும் வட்டவடிவமும் செவ்வகமுமான வெள்ளைக்கல் பலகைகளில், முதல் பார்வைக்குத் தாமரையும் இலைக்கொத்தும் பின்னற்கோலமும் மட்டுமே தென்படும். சற்று நின்று பார்த்தால் ஓர் இலைக்கொத்து யானையின் முதுகாக வளைவதும், தொங்கும் தளிர் துதிக்கையாவதும், வேறொன்றில் ஒரு குரங்கு குந்தியிருப்பதும் புலப்படும். கண்ணும் நகமும் தோலும் எங்கும் செதுக்கப்படவில்லை, எல்லாம் இலைதான். விலங்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்ப்பவரின் கண்ணே முடிவு செய்ய வேண்டும். நம் கோயில்களில் ஒன்பது பெண்களின் உடல்கள் இணைந்து யானையாகும் நவநாரி குஞ்சரத்தைக் கண்டவர்களுக்கு இந்த உத்தி முற்றிலும் புதியதாக இராது. ஆனால் அங்கே விளையாட்டாகவும் வியப்பாகவும் நிற்பது, இங்கே ஒரு சமயக் கட்டுப்பாட்டையும் ஒரு பழைய மரபையும் ஒருசேர மதிக்கும் வழியாக ஆகியிருக்கிறது. இந்தப் பலகைகளுள் சிலவற்றின் பின்புறத்தில் இராமாயணப் பாத்திரங்களின் உருவங்கள் இருந்தது பிற்காலத்துச் சீரமைப்பின்போது வெளிப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணினால், பழையதும் புதியதும் ஒரே கல்லின் இரு பக்கங்களாக இருந்தது தெரியவரும்.

மந்திங்கானில் இருப்பது கல் வேலை என்று தாங்கள் கேட்கக்கூடும். அக்காலத்து மரவேலையில் மிகப்பெரும்பகுதி ஈரத்துக்கும் தீக்கும் கறையானுக்கும் இரையாகிவிட்டது. எஞ்சியவற்றைக் கொண்டு பார்த்தால், கல்லிலும் மரத்திலும் ஒரே கோலங்களே பயின்றன. உருவத்துக்குரிய இடமெல்லாம் இலைக்கும் கொடிக்கும் வந்து சேர்ந்ததால், இலையைச் செதுக்குவதில் ஜெபாராவினர் அடைந்த நுட்பம் அளவற்றதாயிற்று. தங்கள் அலமாரிக் கதவில் கொடி வட்டமாகச் சுழன்று, அந்தச் சுழியின் முடிவில் இலை விசிறிபோல் விரிந்து, அதன் மடியில் சிறு காய்கள் கொத்தாக இருக்குமானால், அதுவே ஜெபாராவுக்கு உரிய கோலம். ஒவ்வோர் இலையின் நடுவிலும் நுனி நோக்கி ஓடும் மூன்று கீற்றுகளையும் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: ஜெபாராவுக்குச் செதுக்குக் கலை வந்ததைப் பற்றி அவ்வூரார் சொல்லும் கதை ஏதேனும் உண்டா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: உண்டு. மஜாபாகித் மன்னர் பிராவிஜயா, தம் அரண்மனை ஓவியரான பிரபங்கராவிடம் அரசியின் உருவத்தை, அவரைப் பாராமலே தீட்டும்படி ஆணையிட்டாராம். ஓவியம் முடிந்த தறுவாயில் அதன்மேல் தற்செயலாக விழுந்த ஒரு துளி, அரசியின் உடலில் உண்மையாகவே மச்சம் இருந்த இடத்தில் அமைந்துவிட, மன்னர் ஐயுற்றுச் சினந்து, பிரபங்கராவை அவருடைய கருவிகளோடு ஒரு பெரும் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். பட்டம் ஜெபாராவின் மேல் பறந்தபோது அவருடைய உளி நழுவி, மலைக்குப் பின்னாலுள்ள ஒரு சிற்றூரில் விழுந்தது; அவ்வூரார் செதுக்குநர்களானார்கள்; பிரபங்கரா சீன நாட்டில் போய் இறங்கினார் என்பது கதை. உளி விழுந்ததாகச் சொல்லப்படும் ஊர் இன்று முல்யோஹார்ஜோ என்று வழங்கும் பகுதி. இன்றும் அங்கே உருவச் சிற்ப வேலை சிறந்து நடக்கிறது. மஜாபாகித்தில் தொடங்கி, ஜெபாராவில் உளியை விட்டு, சீனத்தில் முடிகிறது என்பதால், இந்தக் கலையைத் தொட்ட பண்பாடுகளின் வழித்தடத்தை ஒரு பட்டத்தின் பாதையாக மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றே நான் இக்கதையைப் படிக்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதி வீடுகளின் நிலைக்கதவுகளில் கஜலட்சுமி, மகரம், யாளி எல்லாம் உண்டு. ஜாவாவிலும் இந்துப் பேரரசுகள் இருந்தன. ஆகவே ஜெபாரா கலை நம்மிடமிருந்து சென்றது என்று கூறலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: தங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஆயினும் அவ்வாறு கூறுவதை நான் ஏற்கமாட்டேன். கதைப்பொருள்களும் சில உருவங்களும் கடல் கடந்து சென்றன என்பது உண்மை. ஜாவாவின் பழங்கோயில் வாயில்களுக்கு மேலே இருக்கும் காலனின் முகம் நம் கீர்த்திமுகத்துக்கு உறவு. படிக்கட்டுகளின் இருபுறமும் வாய் திறந்திருக்கும் மகரமும் அப்படியே. ஆனால் பதினான்காம் நூற்றாண்டில், கிழக்கு ஜாவாவின் பிளிட்டார் நகருக்கு அருகிலுள்ள பனத்தரான் கோயிலில் இராமாயணத்தைச் செதுக்கியபோது, அங்குள்ள சிற்பிகள் இந்தியச் சிற்பங்களின் திரண்ட உடலமைப்பைப் பின்பற்றவில்லை. தோற்பாவைக் கூத்தான வாயாங்கின் பாத்திரங்களைப் போலத் தட்டையாகவும், தோள்கள் முன்நோக்கியும் முகம் பக்கவாட்டிலும் அமையுமாறும், உருவங்களுக்கு இடையே வெற்றிடமே இல்லாமல் மேகமும் கொடியும் நிறையுமாறும் செதுக்கினார்கள். அந்தத் தட்டையான, இடைவெளியற்ற பார்வை முழுக்க முழுக்க ஜாவாவுக்கு உரியது. ஜெபாராவின் மரப்பலகைகள் பெற்ற செல்வமும் அதுவே. ஆகவே, வந்த கதைகளை அவர்கள் தம் கண்ணால் பார்த்தார்கள் என்று சொல்வதே முறை.

தமிழ்க் கரைக்கும் ஜாவாவுக்கும் மரவேலையில் நேரடித் தொடர்பு ஏற்பட்ட காலம் ஒன்று உண்டு. ஆனால் அது பெருமையோடு நினைக்கத்தக்கது அன்று. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியினர், சோழமண்டலக் கரையின் தச்சர்களைக் கொண்டு கருங்காலி மரத்தில் பூவும் கொடியும் நெருங்கச் செதுக்கிய நாற்காலிகளையும் கட்டில்களையும் செய்வித்துத் தம் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாணி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியா நகரத்துச் செல்வர் வீடுகளில் பரவி, அங்கேயே செய்யப்படவும் தொடங்கியது. அதே நூற்றாண்டில், 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டில் படையெடுப்பும் பஞ்சமும் சூழ்ந்தபோது, பசியால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். கலைப் பரவலைப் பற்றிப் பேசும்போது வணிகர்களையும் அரசர்களையும் மட்டுமே நினைவுகூர்வது நம் வழக்கம். விருப்பமின்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் கைகளும் அதில் உண்டு என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இது பத்தாவியாவின் வரலாறு, ஜெபாராவின் வரலாறு அன்று என்பதையும் மறவாதிருப்போம்.

கேள்வி: ஜாவாவின் வடகரையில் சீனர்கள் பெருந்தொகையினராய்க் குடியேறியிருந்தார்கள் அல்லவா? மரச்செதுக்கில் அவர்கள் பங்கு என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: மந்திங்கான் பள்ளிவாசலின் செதுக்கு வேலைக்குத் தலைமை ஏற்றவர் என்று மரபு போற்றும் சுங்கிங் படார்துவுங், அரசியின் கணவருக்கு வளர்ப்புத் தந்தையாக இருந்த சீனர் என்றே கூறப்படுகிறது. அவருடைய அடக்கத்தலமும் மந்திங்கானிலேயே காட்டப்படுகிறது. மரபுச் செய்தியை வரலாற்றுச் சான்றாக நிறுத்த வேண்டியதில்லை; ஆனால் தம் கலையின் ஆசான் ஒரு சீனர் என்று ஜாவானியச் செதுக்குநர்கள் தயக்கமின்றிச் சொல்லிவந்திருப்பது, அங்கிருந்த உறவின் தன்மையைக் காட்டும்.

பொருளிலேயே சான்று வேண்டுமானால் அண்டை ஊரான கூடுஸின் பழைய வீடுகளைப் பார்க்க வேண்டும். முன்கூடத்தையும் உள்வீட்டையும் பிரிக்கும் தேக்குப் பலகைச் சுவருக்கு அங்கே கெப்யோக் என்று பெயர். தரையிலிருந்து விட்டம் வரை, கதவு, தூண், சட்டம் எல்லாம் சேர்ந்த ஒரே செதுக்குப் பரப்பாக அது நிற்கும். சிறந்தவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளில் ஊடுருவிச் செதுக்கியிருப்பார்கள். சீனப் பீங்கானிலும் தளவாடங்களிலும் காணும் பூச்சாடியும், மஜாபாகித்துத் தாமரையும், இசுலாமியப் பின்னற்கோலமும் அந்த ஒரே சுவரில் அருகருகே இருக்கும். புகையிலையிலும் துணியிலும் பொருள் ஈட்டிய முசுலிம் வணிகக் குடும்பங்கள் அவற்றைச் செய்வித்தன. 1549ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வூர்ப் பள்ளிவாசலின் கோபுரமும் செங்கல்லால் எழுந்த மஜாபாகித்துக் கோயிலின் தோற்றத்திலேயே இன்றும் நிற்கிறது. இத்தகைய கெப்யோக் சுவர்கள் பலவற்றைக் கடந்த பல பத்தாண்டுகளில் வணிகர்கள் வாங்கிப் பிரித்து, பாலித் தீவின் விடுதிகளுக்கும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கும் விற்றுவிட்டது பெரும் இழப்பு. சுவர் போனால் வீடு போகிறது. வீடு போனால் எந்தப் பூ எந்த அறையை நோக்கி இருந்தது, ஏன் இருந்தது என்பதும் போய்விடுகிறது.

கேள்வி: ஏப்ரல் 21 அன்று இந்தோனேசியாவில் கொண்டாடப்படும் கார்த்தினி அம்மையாருக்கும் இந்தக் கலைக்கும் தொடர்பு உண்டென்று படித்தேன். பெண் கல்விக்குப் பாடுபட்டவர் என்று மட்டுமே அறிந்திருக்கிறேன். (வாசகி, சென்னை)

பதில்: கார்த்தினி 1879இல் ஜெபாரா மாவட்டத்து மாயோங்கில் பிறந்தவர், ஜெபாராவின் ஆட்சித் தலைவராக இருந்த சோஸ்ரோநிங்ராத்தின் மகள். ஜாவாவின் உயர்குடி வழக்கப்படி, பூப்பெய்தும் வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டார். அந்தச் சுவர்களுக்குள் இருந்தபடியே டச்சு மொழியில் அவர் எழுதிய கடிதங்கள், அவர் மறைவுக்குப் பின் 1911இல் நூலாக வெளிவந்து புகழ்பெற்றன. 1904இல், மகப்பேற்றுக்குச் சில நாள்களுக்குப் பின், இருபத்தைந்து வயதில் அவர் இறந்தார். அந்தக் குறுகிய வாழ்நாளில் தம் ஊரின் மரச்சிற்பிகளுக்காக அவர் செய்தவற்றை, கல்விப் பணிக்குக் கொடுக்கும் அதே இடத்தில் வைத்துப் போற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உளி விழுந்த கதையில் வரும் அந்த மலைக்குப் பின்னாலுள்ள சிற்றூரின் செதுக்குநர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மிகச் சிறந்த வேலையை மிகக் குறைந்த கூலிக்குச் செய்துகொண்டிருந்தார்கள். வாங்குவோர் உள்ளூரார், விலை கேட்கும் துணிவும் செதுக்குநர்களுக்கு இல்லை. கார்த்தினியும் தங்கையரும் அவர்களை வீட்டுக்கு வரவழைத்து, படச்சட்டம், நகைப்பெட்டி, சுருட்டுப் பெட்டி, மடக்குத் தட்டி போன்ற, ஐரோப்பிய வீடுகளில் பயன்படக்கூடிய பொருள்களுக்கு வடிவம் வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். கீழை நாட்டுக் கைவினைகளுக்கு ஆதரவளித்த ஒரு டச்சுச் சங்கத்தின் வழியாக அவை பத்தாவியாவிலும் நெதர்லாந்திலும் விற்கப்பட்டன. தம் ஊர்ச் செதுக்குநர்களைப் பற்றி டச்சு இதழொன்றில் கார்த்தினி கட்டுரையும் எழுதினார். கூலி உயர்ந்தது, வேலை நிலைத்தது.

இதில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது வாயாங் உருவங்களைப் பற்றிய செய்தி. தோற்பாவைக் கூத்தின் பாத்திரங்களை மரத்தில் செதுக்கித் தருமாறு கார்த்தினி கேட்டபோது, செதுக்குநர்கள் அஞ்சினார்கள். அந்த உருவங்களை மரத்தில் கொண்டுவந்தால் ஆவிகளின் சினத்துக்கு ஆளாக நேரிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களை அறிவிலிகள் என்று எவரும் இகழவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. கார்த்தினியின் தந்தையார், சினம் எதுவாயினும் அது ஆணையிட்ட தம்மையே சேரும் என்று பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே வேலை தொடங்கியது என்று கார்த்தினி தம் கடிதத்தில் குறிப்பிடுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இலைக்குள் ஒளிந்திருந்த உருவம் இவ்வாறு மரப்பலகையில் வெளிப்பட வந்தது. அந்தக் கதவைத் திறந்தவை ஒரு பெண்ணின் விருப்பமும், ஒரு டச்சுச் சந்தையும், அச்சத்தை மதித்த ஓர் அதிகாரியின் வாக்கும் ஆகும். ஒரே மரத்துண்டைக் குடைந்து, கூண்டின் கம்பிகளையும் உள்ளே அசையும் புலியையும் ஒட்டுப் போடாமல் செய்யும் மாச்சான் குருங் என்னும் கூண்டுப்புலிச் சிற்பமும் அக்காலத்தோடும் கார்த்தினியின் பெயரோடும் சேர்த்தே பேசப்படுகிறது.

கேள்வி: நான் முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தச்சுவேலை செய்கிறேன். ஜெபாராவில் எந்த மரத்தில், என்ன கருவிகளைக் கொண்டு செதுக்குகிறார்கள்? கற்றுக்கொடுக்கும் முறை எப்படி? (தச்சர், கோயம்புத்தூர்)

பதில்: முதன்மை மரம் தேக்கு. ஜாவாவின் தேக்கு வைரம் பாய்ந்தது, எண்ணெய்ப்பசை உள்ளது, ஈரத்தில் பெரிதாக வளையாது. மெல்லிய இலை நுனியைக் கூட உடையாமல் தாங்கும். டச்சுக்காரர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மகோகனி இன்று அடுத்த இடத்தில் இருக்கிறது. ஐரோப்பியப் பாணித் தளவாடங்களுக்கு அதையே மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள்.

செதுக்குநரின் உளித்தொகுதியில் முப்பது உளிகள் வரை இருக்கும். வளைந்த வாயுடைய நகவுளிகள் இருபது அளவிலும், நேர்வாய் உளிகள் பத்து அளவிலும் அமைவது வழக்கம். கீற்று இழுப்பதற்கும் ஆழக் குடைவதற்கும் தனி உளிகள் உண்டு. கொட்டாப்புளி கடினமான மரத்தாலானது. பலரும் தரையில் அமர்ந்து, பலகையைத் தரையிலேயே வைத்து வேலை செய்வார்கள். முதலில் கோலத்தைத் தாளில் வரைந்து பலகையில் ஒட்டி, கோட்டின்மேல் உளியைச் செங்குத்தாக அடித்து எல்லை வகுப்பார்கள். பிறகு உயர்வு தாழ்வை முரட்டளவில் எடுத்து, அடித்தளத்தைத் தாழ்த்திச் சமப்படுத்தி, இலைகளுக்கு வளைவு கொடுத்து, இறுதியில் நரம்பும் கீற்றும் இழுப்பார்கள். தங்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகவே இருக்கும்.

கற்பது பெரும்பாலும் வீட்டிலும் அக்கம்பக்கத்துப் பட்டறையிலும்தான். உப்புத்தாள் தேய்ப்பதில் தொடங்கி, அடித்தளம் எடுப்பதற்கு உயர்ந்து, கடைசியாகவே கீற்றுக்கு வர முடியும். பல சிற்றூர்களில் பெண்களும் செதுக்குகிறார்கள். 1929இல் டச்சு ஆட்சியினர் ஜெபாராவில் ஒரு கைத்தொழிற்பள்ளியைத் தொடங்கியபோது, முதன்முறையாகச் செதுக்கு வேலை வகுப்பறைக்குள் வந்தது. அதனால் ஒரு நன்மையும் ஒரு குறையும் விளைந்தன. மஜாபாகித், மேற்கு ஜாவாவின் பழைய அரசான பஜாஜாரான், பாலி, ஜெபாரா என்று ஒவ்வொரு கோலத்தையும் இலக்கணமாக வரையறுத்து எழுதிவைத்தார்கள். அழிந்துபோகாமல் அது காத்தது. அதே சமயம், ஒரு பட்டறைக்கும் மற்றொன்றுக்கும் இருந்த சிறு வேறுபாடுகளை அந்த இலக்கணம் பிழைகள் என்று கருதச் செய்தது.

கேள்வி: கடைகளில் ஜெபாரா என்று விற்கப்படுபவை பிரெஞ்சு அரண்மனை நாற்காலிகளைப் போல இருக்கின்றன, சில எந்தச் செதுக்கும் இல்லாத தோட்ட மேசைகள். இவற்றையும் ஜெபாரா கலை என்று அழைக்கத் தகுமா? வெளிநாட்டுச் சந்தை இந்தக் கலையைக் கெடுத்துவிட்டது என்று நான் கருதுகிறேன். (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: தங்கள் கருத்தில் ஒரு பகுதியோடு உடன்படுகிறேன், ஆனால் காரணத்தில் வேறுபடுகிறேன். வெளியிலிருந்து வந்த பாணி என்பதற்காக ஒன்றை விலக்குவதானால், மேலே சொன்னவற்றில் எதையும் வைத்துக்கொள்ள இயலாது. பிரெஞ்சு நாற்காலியின் வளைந்த கால்களையும் சிப்பி வடிவப் பூவேலையையும் ஜெபாராவினர் முதலில் எடுத்தபோது, தம் இலைக்குப் பழகிய கை அந்தச் சிப்பியையும் சற்றே இலையாக்கியது. அத்தகைய நாற்காலிகளை நான் மனமார மதிக்கிறேன்.

கேடு வந்த வழி வேறு. 1980களின் பிற்பகுதியிலிருந்து தளவாட ஏற்றுமதி விரைவாக வளர்ந்தது. 1997ஆம் ஆண்டின் நடுவில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியாவாக இருந்த நாணய மதிப்பு, 1998இல் 15,000ஐயும் தாண்டிச் சரிந்தபோது, வெளிநாட்டாருக்கு ஜெபாராவின் பொருள்கள் மிக மலிவாகிவிட்டன. இந்தோனேசியாவின் பிற தொழில்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஜெபாராவில் மட்டும் தெருவுக்குத் தெரு பட்டறைகள் முளைத்தன. 2005 அளவில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தளவாடத் தொழிலகங்களும், அவற்றில் ஏறத்தாழ 1,70,000 பேரும் இருந்தார்கள். அதே ஆண்டுகளில் அரசின் தேக்குக் காடுகள் பெருமளவில் களவாடப்பட்டன. முதிர்ந்த மரம் அரிதாகி விலை ஏற ஏற, வாங்குவோர் கேட்கும் விலையோ ஏறவில்லை. இரண்டுக்கும் இடையே நெருக்கப்பட்டது செதுக்குநரின் கூலியும் நேரமும்தான். இலைக்கு மூன்று கீற்று இழுக்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்றானது. நான்கு நாள் வேலையை இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்றானது. செதுக்கே வேண்டாம் என்று கேட்கும் தோட்ட மேசைச் சந்தை அதன் தொடர்ச்சியே.

கார்த்தினியின் காலத்து வெளிநாட்டு விற்பனையும் சந்தைதான், 1998இன் ஏற்றுமதியும் சந்தைதான். முன்னதில், எதைச் செய்வது, எவ்வளவு காலம் எடுப்பது, என்ன விலை கேட்பது என்பவற்றில் செதுக்குநருக்கு ஒரு குரல் இருந்தது. பின்னதில், கப்பல் புறப்படும் நாளும் ஒரு சரக்குப் பெட்டகத்தின் மொத்த விலையுமே எல்லாவற்றையும் முடிவு செய்தன. அண்மை ஆண்டுகளில் ஜெபாராவைச் சுற்றி எழுந்துள்ள பெரிய தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் தருவதால், இளைஞர்கள் உளியை விட்டு அங்கே செல்கிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. நல்ல வேலைக்கு நல்ல விலை கொடுக்க மறுத்துவிட்டு, மரபைக் காக்கவில்லை என்று இருபது வயது இளைஞரைக் கடிந்துகொள்வது நேர்மையாகாது.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூசையறைக் கதவுக்கு இறக்குமதியான செதுக்குப் பலகை ஒன்றை வாங்க எண்ணம். கையால் செதுக்கியதா, இயந்திரத்தால் செதுக்கியதா என்று எப்படிக் கண்டறிவது? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் இலையின் விளிம்புக்குக் கீழே விரலை விட்டுப் பாருங்கள். கைவேலையில் இலை நுனி அடித்தளத்திலிருந்து எழும்பி நிற்கும். அதன் அடியில் உளி சென்று குடைந்திருக்கும். மேலிருந்து மட்டும் இறங்கும் இயந்திர முனை அங்கே செல்லாது. ஆதலால் விளிம்பு செங்குத்தாகவோ சரிவாகவோ நின்றுவிடும். அடுத்து, இரண்டு கொடிகள் சந்திக்கும் உள்மூலையைப் பாருங்கள். சுழலும் முனை அங்கே ஒரு சிறு வட்டத்தை விட்டுச்செல்லும், எல்லா மூலைகளிலும் அந்த வட்டம் ஒரே அளவில் இருக்கும். உளி அடித்த மூலை கூர்மையாக முடியும். அடித்தளத்தின்மீது வெளிச்சம் சாய்வாக விழும்படி பலகையைத் திருப்பினால், கைவேலையில் உளி நகர்ந்த சிறு தடங்கள் அலை அலையாகத் தெரியும். உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்துவிட்டால் இந்த அடையாளம் மறையும் என்பதையும் நினைவில் கொள்க. இடப்பக்க இலையையும் வலப்பக்க இலையையும் ஒப்பிட்டு, நரம்புக் கீற்றுகளின் தடிப்பு மயிரிழை அளவும் மாறாமல் இருந்தால் ஐயுறலாம்.

இன்று விற்பனைக்கு வருபவற்றில், முரட்டு வேலையை இயந்திரத்தாலும் நுண்வேலையைக் கையாலும் செய்த பலகைகளும் உண்டு. அதைத் தவறென்று கருத வேண்டியதில்லை; அதைச் சொல்லி விற்கிறார்களா, முழுக் கைவேலை என்று விலை வைக்கிறார்களா என்பதே கேட்கத்தக்கது. பூசையறைக் கதவு என்பதால் ஒன்று கூறுவேன். நம் ஊரிலேயே அரும்பாவூரிலும் கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பிகள் இருக்கிறார்கள். தெய்வ உருவம் வேண்டுமானால் அவர்களிடம் அளவு கொடுத்துச் செய்வித்துக்கொள்ளுங்கள். கொடியும் இலையுமாகக் கதவின் சட்டங்கள் மட்டும் அமைய வேண்டுமென்றால் ஜெபாரா பலகை பொருந்தும். எதுவாயினும், நன்கு உலர்ந்த முதிர்மரமா என்று கேளுங்கள். பலகையின் ஓரத்தில் வெளிறிய இளமரக் கீற்று ஓடினால், சில மழைக்காலங்களிலேயே பூச்சி அந்த வழியாக நுழையும்.